எந்தத் திசை, எவ்வளவு தூரம், எத்தனை பாகம்

செட்டியார்பட்டியில் கடல் இல்லை. கடல் மீனுக்குக் குறைவும் இல்லை. கிழக்கே தூத்துக்குடி, வேம்பார் பக்கமிருந்தும், மேற்கே செங்கோட்டை வழியாகக் கொல்லத்திலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் வந்து இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தளவாய்புரம் ரோட்டில் நின்று பாருங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தூத்துக்குடி மீனா, கேரளா மீனா?" என்று கேட்காமல் வாங்குகிறவர்கள் குறைவு. எந்தக் கரை என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடும். அன்றைக்கு அந்தப் படகு எதை நம்பி, எந்தப் பக்கம் போனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் விற்கிறவருக்குத் தெரியாது.

அந்தக் கேள்விக்குப் பதில் பல நாட்களில் ஹைதராபாத்தில் இருக்கிறது. செட்டியார்பட்டி கடலிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறதோ, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. அங்கே இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், செயற்கைக்கோள் எடுத்த கடல் வெப்பநிலைப் படத்தையும் கடல் நிறப் படத்தையும் வைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வெளியிடுகிறது. இன்ன கரையிலிருந்து, இந்தத் திசையில், இத்தனை கிலோமீட்டரில், இத்தனை மீட்டர் ஆழத்தில் மீன் கூட வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். தமிழ்நாட்டுக் கரையைத் தெற்கு, வடக்கு என்று இரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மீன்பிடி இறங்குதளத்தின் பெயரையும் போட்டுச் சொல்கிறார்கள்.

தண்ணீரின் சூட்டைப் பார்த்து மீன் இருக்கும் இடத்தைச் சொல்லும் இந்த வித்தை ஒரே நாளில், ஒரே இடத்தில் பிறக்கவில்லை. அதன் முதல் முடிச்சு ஒரு தபால் புகாரில் இருக்கிறது.

1768-ல் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் லண்டனில் இருந்தார். மின்னலையும் பட்டத்தையும் வைத்து நாம் அறிந்த அதே ஃப்ராங்க்ளின்தான். ஆனால் இந்தக் கதைக்குள் அவர் விஞ்ஞானியாக வரவில்லை, அமெரிக்கக் காலனிகளின் தபால் அதிகாரியாக வருகிறார். இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போகும் தபால் கப்பல்கள், பக்கத்து ரோட் தீவுக்குப் போகும் சரக்குக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்கின்றன என்று புகார் வந்தது. சரக்குக் கப்பலில் பாரமும் அதிகம், ஆட்களும் குறைவு. பிறகு எப்படி முந்துகிறது? ஃப்ராங்க்ளின் தம் உறவினரான டிமதி ஃபோல்ஜர் என்ற நான்டக்கெட் கப்பல் தலைவரிடம் கேட்டார். திமிங்கில வேட்டை ஊரில் பிறந்து வளர்ந்தவர் ஃபோல்ஜர். அட்லாண்டிக்கில் ஒரு பெரிய நீரோட்டம் ஓடுகிறது, தபால் கப்பல்கள் அதை எதிர்த்துப் போய் மாட்டிக்கொள்கின்றன என்றார் அவர். தங்களுக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சொன்னார். திமிங்கிலங்கள் அந்த ஓட்டத்துக்கு உள்ளே நிற்பதில்லை, இரண்டு ஓரங்களிலும்தான் திரியும். அவற்றைத் துரத்தித் துரத்தி ஓரம் எங்கே இருக்கிறது என்பது வேட்டைக்காரர்களுக்கு மனப்பாடம். வழியில் தபால் கப்பல்களைப் பார்க்கும்போது இதைச் சொல்லியும் இருக்கிறார்கள். மீன் பிடிக்கிறவன் சொல்லி நாம் கேட்பதா என்று ஆங்கிலேயத் தலைவர்கள் காதில் வாங்கவில்லை.

ஃபோல்ஜர் கோடு போட்டுக் கொடுக்க, ஃப்ராங்க்ளின் அதை அச்சடித்தார். அப்போதும் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1775-ல் கப்பலில் ஊர் திரும்பும்போது அவர் ஒரு வெப்பமானியைக் கடலில் இறக்கி, ஒரு நாளில் பல தடவை அளந்துகொண்டே வந்தார். ஓட்டத்துக்குள் போனால் தண்ணீர் சூடாகிறது, வெளியே வந்தால் குளிர்கிறது. 1776-லும், எழுபத்தொன்பது வயதில் கடைசியாகக் கடல் கடந்த 1785-லும் அதே வேலைதான். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தை வெப்பமானியால் கண்டுபிடிக்கலாம் என்பது இப்படித்தான் தெரியவந்தது. இந்தக் கதையில் இனி வரப்போகும் செயற்கைக்கோள்கள் எல்லாம் செய்வதும் அந்த ஒரே வேலைதான். அவை மீனைப் பார்ப்பதில்லை, ஓரத்தைப் பார்க்கின்றன.

ஓரத்தில் மீனுக்கு என்ன வேலை? இரண்டு வேறு வகைத் தண்ணீர் முட்டிக்கொள்ளும் இடத்தில் மிதந்து வருகிற எல்லாம் வந்து சேரும். பாசித் துகள், புழு பூச்சி, குஞ்சு மீன் என்று குவியும். குளிர்ந்த தண்ணீர் பெரும்பாலும் ஆழத்திலிருந்து மேலே வருவது. அடியில் படிந்த சத்தைத் தூக்கிக்கொண்டு வரும். வெயிலும் சத்தும் சேர்ந்தால் நுண்பாசி வளரும், அதைத் தின்னச் சிறு உயிர்கள் வரும், அவற்றைத் தின்னச் சாளை வரும், சாளையைத் தின்னச் சூரை வரும். இரண்டு ஊர் எல்லையில் சந்தை கூடுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சந்தை கூட நாளாகும். குளிர்ந்த நீர் மேலே வந்த அன்றைக்கே மீன் வந்து நிற்காது.

ஏரிகளில் கதை கொஞ்சம் வேறு மாதிரிப் போனது. ஜெனீவா ஏரிக்கரையில் ஃபோரெல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அந்த ஏரியை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெர்ஜ் என்ற பேராசிரியர் மெண்டோட்டா ஏரியில் அடுக்கடுக்காக வெப்பநிலை அளந்தார். கோடையில் மேலே வெதுவெதுப்பான அடுக்கு, கீழே சில்லென்ற அடுக்கு, நடுவே சட்டென்று சூடு இறங்கும் ஒரு மெல்லிய அடுக்கு. அந்த நடு அடுக்குக்குத் தெர்மோக்ளைன் என்று 1897-ல் பெயர் வைத்தவர் அவர்தான். மீன் தனக்குப் பிடித்த சூட்டில் நிற்கும் என்றால், கரையில் எந்த இடம் என்பதோடு எத்தனை அடி கீழே என்பதும் கணக்கில் வருகிறது.

இந்தக் கணக்கு சாமானிய தூண்டில்காரர் கைக்கு வந்தது 1960-களில். மிச்சிகன் ஏரியில் கடலிலிருந்து புகுந்த ஏல்வைஃப் என்ற சிறுமீன் பெருகி, கரையெல்லாம் செத்து ஒதுங்கி நாறியது. அதைத் தின்ன ஒரு மீன் வேண்டும் என்று மிச்சிகன் மாநில மீன்துறைத் தலைவர் ஹவர்ட் டேனர், பசிபிக் கடல் பக்கமிருந்து கோஹோ சால்மன் முட்டைகளை வரவழைத்தார். 1966-ல் குஞ்சுகளை லட்சக்கணக்கில் விட்டார்கள். அடுத்த ஆண்டே அவை கை கொள்ளாத அளவு வளர்ந்து நின்றன. ஊரே ஏரிக்குக் கிளம்பியது. 1967 செப்டம்பர் 23 அன்று திடீரென்று காற்று கிளம்பிச் சிறு படகுகள் கவிழ்ந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். அப்படி ஒரு வெறி. இந்தச் சால்மனுக்கு 12 டிகிரியை ஒட்டிய தண்ணீர்தான் பிடிக்கும். ஈயக் குண்டைக் கட்டித் தூண்டிலை அந்த ஆழத்தில் நிறுத்துகிறவருக்கு மீன், மற்றவருக்குப் படகுச் சவாரி.

பிற்பாடு செயற்கைக்கோள் படம் வந்ததும் இன்னொரு விஷயம் பிடிபட்டது. கரையிலிருந்து ஏரிப்பக்கம் இரண்டு மூன்று நாள் காற்று அடித்தால், மேலே உள்ள வெதுவெதுப்பான தண்ணீரை அது தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறும், அதோடு சால்மனும் கரைப்பக்கம் வந்துவிடும். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் ஆன் ஆர்பர் ஆய்வகம் பேரேரிகளின் மேற்பரப்பு வெப்பநிலையை நாள்தோறும் வரைபடமாகப் போடுகிறது. அங்கே தூண்டில்காரர் வெள்ளிக்கிழமை இரவு அதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை ஏரியின் எந்தக் கரைக்கு வண்டியை விடுவது என்று முடிவு செய்கிறார்.

நம் பக்கத்துக் கண்மாய்களுக்கு இப்படி ஒரு படம் போட்டால் என்ன என்று ஆசைப்படலாம். போட முடியாது, போட்டும் பயனில்லை. வானிலைச் செயற்கைக்கோள் கடலைப் பார்க்கும்போது ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நம் கண்மாய்கள் பல அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். நூறு மீட்டர் அளவில் சூட்டைப் பார்க்கும் லேண்ட்சாட் வகைச் செயற்கைக்கோள் இருக்கிறது, ஆனால் அது பதினாறு நாளுக்கு ஒருமுறைதான் அதே இடத்துக்கு மேல் வரும். அதைவிட முக்கியம், கண்மாயில் தண்ணீர் ஆள் உயரம் இரண்டு ஆள் உயரம்தான். சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அதை அடிவரை கலக்கிவிடும். அடுக்கு நிற்க நேரம் ஏது?

ஆனால் சூட்டுக்கும் மீனுக்கும் உள்ள கணக்கு இங்கேயும் நடக்கிறது. சித்திரை வெயிலில் கண்மாய் வற்றி நிற்கும்போது, விடியற்காலையில் கரையில் நின்று பாருங்கள். கட்லாவும் ரோகுவும் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைவது, 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். ராத்திரி முழுக்கப் பாசியும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்வதால் விடியலில்தான் மூச்சு முட்டும். விராலுக்கு இந்தக் கவலை இல்லை, அது மேலே வந்து நேரடியாகக் காற்றையே குடித்துக்கொள்ளும். மீன்பாசி குத்தகை எடுத்தவர் அந்த நேரத்தில் எத்தனை வாய் மேலே தெரிகிறது என்று பார்த்துத்தான் இன்னும் எத்தனை நாள் பொறுக்கலாம், எப்போது வலை இழுப்பது என்று முடிவு செய்கிறார். அவருக்கு வெப்பநிலை வரைபடம் எதற்கு?

நீலகிரியில் ட்ரவுட் மீன் வந்த கதையும் இதே கணக்குதான். 'இந்திய மீன்கள்' நூலை எழுதிய ஃப்ரான்சிஸ் டே 1860-களில் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் முட்டை கொண்டுவர முயன்றார்; வழியில் சூடு தாங்காமல் அவை வீணாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வானவில் ட்ரவுட்டை நிலைக்க வைத்தார். மலைமேல் ஓடைகள் குளிர்ந்து கிடந்ததால் நடந்த காரியம்.

கடலுக்குத் திரும்புவோம். வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினால் ஒரு புள்ளியின் சூடுதான் தெரியும். கடல் முழுவதையும் ஒரே பார்வையில் அளக்க வழி வானத்தில் இருந்தது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறுவதைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைத்தான் எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது, கடலும்தான். 1978 அக்டோபரில் அமெரிக்கா ஏவிய டைரோஸ்-என் செயற்கைக்கோளில் அந்தக் கதிரை ஒரு கிலோமீட்டர் நுணுக்கத்தில் அளக்கும் கருவி இருந்தது. அடுத்தடுத்து வந்த நோவா வரிசைச் செயற்கைக்கோள்களிலும் அதே கருவிதான். காற்றில் உள்ள ஈரப்பதம் கதிரில் கொஞ்சத்தை விழுங்கிவிடுவதால் அளவு தவறும். 11 மைக்ரான், 12 மைக்ரான் என்று பக்கத்துப் பக்கத்து அலைநீளங்களில் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அந்தத் தவறைத் திருத்தும் முறை 1980-களில் வந்தது. அரை டிகிரி அளவு துல்லியத்தில் கடல் மேல்தோலின் சூடு கிடைத்தது. மேல்தோல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத படலத்தைத்தான் அது பார்க்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கருவியை மேலே அனுப்பியதே முக்கியமாக வானிலையைப் பார்க்கத்தான். வானிலைக்காரர்களுக்கு மேகம்தான் படம். மீனுக்காகப் பார்க்கிறவர்களுக்கோ அந்த மேகம்தான் தொல்லை, படத்தில் வெறும் ஓட்டை. ஒரே படத்தில் ஒருவர் தூக்கிப் போட்டதை இன்னொருவர் பொறுக்கிக்கொண்டார். பசிபிக்கில் அல்பகோர் சூரை இப்படிப்பட்ட வெப்ப ஓரங்களின் வெதுவெதுப்பான, தெளிந்த பக்கத்தில் கூடுவதைக் கலிஃபோர்னியாவில் லார்ஸ், ஃபீட்லர், மாண்ட்கோமரி என்ற மூவர் 1984-ல் காட்டினார்கள்.

நோவா செயற்கைக்கோள்கள் தங்கள் படத்தைக் காசு வாங்காமல் வானத்திலிருந்து ஒலிபரப்பிக்கொண்டே போயின. அலைவாங்கி வைத்திருந்த யாரும் பிடித்துக்கொள்ள முடிந்தது. ஹைதராபாத்தை அடுத்த ஷாட்நகரில் தேசியத் தொலையுணர்வு முகமையின் தரைநிலையம் பிடித்தது. 1990-ஐ ஒட்டிக் கடல் மேம்பாட்டுத் துறை, மார்சிஸ் என்ற பெயரில் கடல் தகவல் திட்டம் ஒன்றைத் தொடங்க, வெப்பநிலைப் படத்திலிருந்து மீன் கூடும் இடத்தைச் சொல்லும் வேலை நம் நாட்டில் ஆரம்பமானது. சொன்ன இடத்தில் மீன் இருக்கிறதா என்று பார்க்க, இந்திய மீன்வள அளவை நிறுவனத்தின் கப்பல்கள் போய் இழுத்துப் பார்த்தன.

ஆரம்ப ஆண்டுகளில் இது கையால் செய்கிற வேலை. மேகம் மறைப்பதால் ஒரு நாள் படம் போதாது, இரண்டு மூன்று நாள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஓட்டையை அடைக்க வேண்டும். பிறகு சூடு சட்டென்று மாறும் ஓரங்களையும் சுழிகளையும் கண்ணால் பார்த்துக் கோடு இழுத்து, கடல் வரைபடத்துக்கு மாற்ற வேண்டும். அப்புறம் ஃபேக்ஸ், தொலைபேசி, தபால். மாநில மீன்துறை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து துறைமுகத்துக்கு வந்து, அங்கே யாராவது பார்த்துச் சொல்லி முடிப்பதற்குள் கடலில் அந்த ஓரம் கலைந்தும் போயிருக்கலாம்.

அதோடு, வெப்ப ஓரம் என்ற சூத்திரம் பிறந்தது குளிர்நாட்டுக் கடலில். அங்கே ஓட்டத்துக்கு உள்ளும் வெளியும் பல டிகிரி வித்தியாசம் இருக்கும். நம் கடல் வருஷத்தில் பாதி நாள் 28, 29, 30 என்று ஒரே சூடாகக் கிடக்கும். குஜராத் பக்கம் பனிக்காலத்தில் நல்ல ஓரங்கள் விழும், தெற்கே வர வர மங்கிவிடும். வெயில் ஏறிய மேல்தோல், அடியில் குளிர்ந்த நீர் வந்து நிற்பதையும் மறைத்துவிடும். சூட்டை மட்டும் நம்பினால் தெற்கத்திக் கடலில் பாதி நாள் ஏமாற்றம்தான்.

அதற்கு வைத்தியம் 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. ஓஷன்சாட்-1 என்ற நம் செயற்கைக்கோளில் கடலின் நிறத்தை எட்டு அலைவரிசைகளில் பார்க்கும் கருவி இருந்தது. நுண்பாசி அதிகமானால் நீலம் பச்சைக்குத் திரும்பும். சூடு, நிறம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகும் ஓரத்தை மட்டும் எடுத்துச் சொல்லும் முறையை அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் உருவாக்கினார்கள். அதே 1999 பிப்ரவரியில்தான் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் பிறந்து, அறிவிப்பு வேலை அங்கே போனது.

இத்தனை ராக்கெட், இத்தனை ஆய்வுக்குப் பிறகும், இந்தத் திட்டத்தைப் பிழைக்க வைத்தது வேறு ஒரு சின்ன முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது. வண்ண வண்ணமான அந்தப் படத்தை மட்டும் அனுப்பிவைக்காமல், சொல்லாக மாற்றிக் கொடுத்தார்கள். அறிவிப்பின் பட்டியல் வடிவத்தைப் பார்த்தால் புரியும். முதல் பத்தியில் இறங்குதளத்தின் பெயர். அடுத்து திசை. அடுத்து கோணம். அடுத்து இத்தனையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் வரை என்று தூரம். அடுத்து இத்தனையிலிருந்து இத்தனை மீட்டர் என்று ஆழம். கடைசியில் அட்சரேகை, தீர்க்கரேகை. வெப்பநிலை என்று ஒரு பத்தியே கிடையாது! டிகிரியில் பிறந்த விஷயம், டிகிரியைத் தூக்கி எறிந்துவிட்டு, கரைக்காரர் நாக்கில் ஏற்கெனவே இருந்த மூன்று கேள்விகளுக்குப் பதிலாக மாறியது. எந்தத் திசை, எவ்வளவு தூரம், எத்தனை பாகம். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு, ஆறடி. அறிவிப்பில் மீட்டர் இருந்தாலும், கேட்கிறவர் மனசுக்குள் பாகமாக மாற்றிக்கொண்டுவிடுவார். எந்த வலை, எவ்வளவு கயிறு என்பது அதில்தான் இருக்கிறது.

இதற்குக் கடற்கரைப் பக்கமிருந்தும் ஒரு கை நீண்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பைக் கம்ப்யூட்டரில் எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் கரை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்கள். கட்டுமரத்தைத் தள்ளப் போகிறவர் நின்று கேட்டுவிட்டுத் தள்ளினார். அதே நிறுவனம் பிறகு ஃபிஷர் ஃப்ரெண்ட் என்ற கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தது; அலை, காற்று, மீன் கூடும் இடம், சந்தை விலை எல்லாம் தமிழில். துறைமுகங்களில் இன்காய்ஸ் மின்னணுப் பலகைகளை வைத்தது. அலை உயரம் சொன்னதை நம்பியவர்கள்தான் மெல்ல மெல்ல மீன் இடம் சொன்னதையும் காது கொடுத்துக் கேட்டார்கள். உயிரைக் காப்பாற்றும் தகவல் முதலில் வந்தது, வருமானத் தகவல் அதன் முதுகில் ஏறி வந்தது.

ஜிபிஎஸ் வராமல் இருந்திருந்தாலும் இது பலித்திருக்காது. 40 கிலோமீட்டர் தள்ளி, கரை தெரியாத இடத்தில் ஒரு புள்ளியைச் சொன்னால் எப்படிப் போய் நிற்பது? அதற்கு முன் தெற்குக் கரையில் கணியம் பார்ப்பார்கள். கோயில் கோபுரத்தையோ மாதா கோயில் உச்சியையோ பின்னால் உள்ள மலையோடு நேர் வைத்து, இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடியை நேர் வைத்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிறது என்று அடையாளம் வைத்துக்கொள்வது. கரை மறைந்தால் கணியமும் மறைந்துவிடும். 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தி வைத்திருந்த பிழையை எடுத்துவிட்டது. அதன் பிறகு சில ஆண்டுகளில் கையடக்கக் கருவி படகுகளில் சாதாரணமாகிவிட்டது. கருவியில் அட்சரேகையைக் குத்தினால் அம்புக்குறி வழி காட்டும். அறிவிப்பின் கடைசிப் பத்திக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கடலில் தேடுகிற நேரமும் டீசலும் கணிசமாக மிச்சமாகிறது என்பது அரசுத் தரப்புச் சொல்வது. நம்பலாம், பெரிய படகுக்கு. ஆனால் எல்லாப் படகுக்கும் ஒரே நியாயம் இல்லை. சிறு வல்லத்துக்கு 50 கிலோமீட்டர் தள்ளிச் சொல்லும் இடம் பத்திரிகைச் செய்தி மாதிரித்தான். படிக்கலாம், போக முடியாது. தூத்துக்குடி விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் ஓடுகிறவை. போகிற நேரம், வருகிற நேரம் கழித்து வலை இழுக்க எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துத்தான் அவை தூரத்தைத் தொடும். பாக் நீரிணையோ ஆழமே இல்லாத கலங்கல் தண்ணீர், அங்கே நிறத்தைப் பார்த்துப் பாசி என்றும் சொல்ல முடியாது, சேறு என்றும் சொல்ல முடியாது. எந்த மீன் என்றும் இந்த அறிவிப்பு பொதுவாகச் சொல்வதில்லை. சூரைக்கு மட்டும் பிற்பாடு தனி அறிவிப்பு வந்தது. மீன் உடம்பிலேயே கருவியைப் பொருத்தி விட்டு, அது எவ்வளவு ஆழத்தில், எந்தச் சூட்டில் திரிகிறது என்று பார்த்தார்கள்.

விலையைப் பற்றியும் அறிவிப்பு பேசாது. ஒரே ஓரத்துக்கு நூறு படகு போய் நிறைய மீனோடு ஒரே துறைமுகத்துக்குத் திரும்பினால் ஏலத்தில் விலை விழும். கேரளத்தில் கைப்பேசி வந்த 1997-க்குப் பிறகு, சாளை பிடித்தவர்கள் கடலிலிருந்தே நாலு துறைமுகத்துக்குப் போன் போட்டு விலை விசாரித்துக் கரை சேர்ந்ததையும், அதனால் துறைமுகத்துக்குத் துறைமுகம் இருந்த விலை ஏற்றத்தாழ்வு சுருங்கியதையும் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2007-ல் எழுதியிருக்கிறார். செயற்கைக்கோளைவிட அந்தப் போன் அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கும் என்பது என் சந்தேகம்.

2022 நவம்பர் 26 அன்று ஏவிய ஓஷன்சாட்-3-ல் நிறம் பார்க்கும் கருவியோடு கடல் வெப்பநிலை அளக்கும் கருவியையும் சேர்த்தே வைத்து அனுப்பினார்கள். அதுவும் மேகத்துக்குக் கீழே பார்க்காது. தென்மேற்குப் பருவமழையில், கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் கேரளக் கரையிலும் அடியிலிருந்து குளிர்ந்த நீர் பொங்கி மீன் பெருகும் அதே மாதங்களில்தான் வானம் மூடிக் கிடக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வேறு.

மற்ற நாட்களில் அறிவிப்பு வரும். அதை வைத்துக்கொண்டு கிளம்புகிற அனுபவசாலி டிரைவர், சொன்ன புள்ளியில் போய் வலையை இறக்கிவிடுவதில்லை. படம் எடுத்தது நேற்று, சில சமயம் முந்தாநாள். அரை நாட் வேகத்தில் ஓட்டம் இழுத்தால்கூட ஒரு நாளில் தண்ணீர் 22 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். வாநீவாடா சோநீவாடா, அதாவது ஓட்டம் வடக்கிருந்தா தெற்கிருந்தா என்று பார்த்து அதற்கு ஏற்பத் தள்ளிப் போவார். அங்கே போனதும் நுரைக் கோடு ஓடுகிறதா, தாழைச் செத்தை ஒதுங்கி மிதக்கிறதா, பறவை விழுகிறதா, தண்ணீர் நிறம் எந்தப் பக்கம் மாறுகிறது என்று பார்ப்பார். ஃபோல்ஜரின் ஊர்க்காரர்கள் பார்த்ததும் ஏறக்குறைய இவற்றைத்தான். பலகையில் வருகிற புள்ளி எல்லாருக்கும் ஒன்று. அதிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் தள்ளி மீன் பட்டது என்பதை அவர் தம் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வார், பக்கத்துப் படகுக்காரர் வாக்கி டாக்கியில் கேட்டால் வேறு ஏதாவது சொல்வார்.